பட்டன் இருக்கு... ஆயுசு இருக்கா?

உங்க பிறந்த நாள் உங்களுக்குத் தெரியும். உங்க ஆளோட பிறந்த நாள் அதைவிட நல்லாத் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கேக் வெட்டுறதுக்காக ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதிக்கிற கூட்டம்தானே நாம! சரி... உங்க வீட்டு வண்டியோட டயர் எப்போ பிறந்ததுன்னு தெரியுமா?

‘டயருக்கெல்லாமா பிறந்த நாள்?’ என்று சிரிக்கிறவர்கள்தான் இதை முதலில் படிக்கணும்.

எங்க ஊர் நாமக்கல். லாரிக்குப் பேர் போன ஊர். பாடி கட்டுற பட்டறை, ரீட்ரேடிங் கடை, பஞ்சர் கடை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பரும் கிரீஸும்தான். அப்படிப்பட்ட ஊரில், மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற நான், ஒரு பழைய ஆம்னிக்கு டயர் வாங்க மூணு வாரம் மண்டையைப் பிச்சுக்கிட்ட கதை இது. ‘டயர் வாங்க மூணு வாரமா? பொண்ணு பார்க்கவே ஒரு நாள்தானே?’ என்று என் தம்பியே கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

வேப்பமரத்தடி கேம்பர்!

வண்டி 2009 மாடல் ஆம்னி. வெள்ளை நிறம், இப்போ இள மஞ்சள். அப்பா அதில்தான் ஊர் ஊராகப் போய் ரெடிமேட் துணி சப்ளை பண்ணிக்கிட்டு இருந்தார். 2020 லாக்டவுனோட அந்த வியாபாரம் முடிஞ்சது. அப்பா ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதப் போனார். ஆம்னி எங்க வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றது. மாசத்துக்கு ஒரு தடவை கோயில், கல்யாணம், காதுகுத்து... அவ்வளவுதான்.

2024-ல் வண்டிக்கு 15 வயசு முடிஞ்சது. ‘பழைய இரும்புக்குப் போட்டுடலாமுங்க’ என்று அம்மா சொன்னாங்க. அப்பா கேட்கலை. ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சு வாங்கிக்கிட்டு வந்து, “இத்தனை வருஷம் இது எனக்கு லோடு அடிச்சுது. இனிமே நம்மளை ஊர் சுத்திக் காட்டட்டும்” என்றார்.

வெளிநாட்டுக்காரங்க கேம்பர் வேன் என்று ஒண்ணு வெச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் இருக்கும். எங்களுடையது அதோட ஏழைத் தம்பி. பின் சீட்டை மடிச்சுப் போட்டால் அதுக்கு மேலே ஒரு பிளைவுட் பலகை. பலகைக்கு மேலே இலவம்பஞ்சு மெத்தை. ஒத்தை பர்னர் அடுப்பு, ரெண்டு தண்ணி கேன், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பாத்திரம், மேலே கேரியர், கேரியர் மேலே தார்ப்பாய். ராத்திரி ஆனால் அம்மாவும் அம்மாயியும் வண்டிக்குள்ளே. அப்பாவும் தம்பியும் வெளியே கோரைப்பாயில். எனக்கு முன்சீட்டு!

முதல் பயணம் கொல்லிமலைக்கு, அங்கிருந்து வந்ததும் ராமேஸ்வரத்துக்கு என்று முடிவாச்சு. அம்மா ரெண்டு வருஷமாகக் கட்டின சீட்டுப் பணம் 25 ஆயிரம் கையில் இருந்தது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக், கிளட்ச் எல்லாம் பார்த்தாச்சு. டயர்?

“டயருக்கு என்ன அம்மிணி? பட்டனைப் பாரு, புதுசாட்டம் இருக்குது!” என்றார் அப்பா.

நாலு நம்பர் ஜாதகம்

அப்பா சொன்னது உண்மைதான். பட்டன் நிறையவே இருந்தது. பட்டன் எவ்வளவு தேயலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கு. டயர் பள்ளத்துக்கு நடுவில் அங்கங்கே சின்னச் சின்ன மேடு மாதிரி ரப்பர் இருக்கும். பட்டன் தேய்ஞ்சு அந்த மேட்டோட சமமாகிட்டால் மிச்சம் இருக்கிறது 1.6 மில்லிமீட்டர்தான். காருக்கு நம்ம நாட்டுச் சட்டப்படியும் அதுதான் கடைசி எல்லை. எங்க டயரில் அந்த மேடு எங்கேயோ கிணத்துக்குள்ளே இருந்தது.

ஆனால் நான் தேடினது வேற. டயரோட பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு எண் வருஷம். 2000-த்துக்கு அப்புறம் வந்த டயர் எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. சில டயரில் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் வண்டிக்கு உட்புறமாக மாட்டியிருந்தால், டார்ச் அடிச்சு அடியில் படுத்துத்தான் பார்க்கணும். படுத்தேன். முதல் டயரில் 2314.

2014-ம் வருஷம், 23-வது வாரம். அதாவது ஜூன் முதல் வாரம். நான் அஞ்சாங் கிளாஸ் போக யூனிஃபார்ம் தைச்ச சமயத்தில் பிறந்த டயர்! மற்ற மூணும் அதே மாசத்துக் கூட்டாளிங்க. ஸ்டெப்னியைப் பார்த்தேன். அது இன்னும் விசேஷம். 2009-ல் வண்டியோட வந்தது, தரையே பார்க்காதது. பட்டன்ல இருக்கிற ரப்பர் மீசைகூட உதிரலை. வயசு 16.

பக்கச் சுவரை விரலால் வளைச்சுப் பார்த்தேன். கோடை காலத்து ஏரி மண் மாதிரி மெல்லிசு மெல்லிசாக வெடிப்பு.

ஓடாத டயர்தான் சீக்கிரம் கெடும்!

இங்கேதான் கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது.

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதோட கந்தகம் சேர்த்து சூடு பண்ணினால் உறுதியாகுதுன்னு 1839-ல் கண்டுபிடிச்சவர் சார்லஸ் குட்இயர். ரப்பரோட நீளமான மூலக்கூறுகளுக்கு நடுவில் கந்தகம் பாலம் போடுது. அந்தப் பாலம்தான் டயருக்கு வளையற குணத்தையும் வலுவையும் தருது. காத்தில் இருக்கிற ஆக்சிஜனும் வெயிலும் வருஷக்கணக்கில் அந்த அமைப்பைக் கெடுத்துக்கிட்டே இருக்கும். ரப்பர் மெதுவாக இறுகும். ஓசோன் பட்டால் வெடிப்பு விடும்.

இதைத் தடுக்க டயர் செய்யும்போதே மெழுகையும் ஓசோனைத் தடுக்கிற ரசாயனத்தையும் கலக்கிறாங்க. டயர் ஓடி, நசுங்கி, வளையும்போது அது உள்ளே இருந்து கசிஞ்சு மேலே ஒரு படலமாகப் படியும். நாம தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி! வண்டி மாசக்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய் மேலே வர்றது குறைஞ்சுடும். அதனால்தான் தினமும் ஓடுற டாக்சியோட டயர் தேய்ஞ்சு போகுது. நின்றே கிடக்கிற கேம்பரோட டயர் பட்டன் தேயாமலே செத்துப் போகுது.

இன்னொரு ஆபத்து உள்ளே. ரேடியல் டயருக்குள் எஃகுக் கம்பி பின்னின பட்டை இருக்கு. வயசான டயரில் ரப்பருக்கும் அந்தப் பட்டைக்கும் உள்ள ஒட்டுதல் விட்டுப் போகும். வெளியில் ஒண்ணுமே தெரியாது. முழு லோடு, வெயில், வேகம் மூணும் சேர்ந்த ஒரு நாளில் மேல்தோல் அப்படியே உரிஞ்சு வரும்.

அப்போ எத்தனை வருஷம்தான் ஓட்டலாம்? பல கார் கம்பெனிகள் ஆறு வருஷத்தில் மாத்தச் சொல்றாங்க. பல டயர் கம்பெனிகள், அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆனால் வருஷா வருஷம் சோதனை பண்ணுங்க, பட்டன் இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்கிறாங்க. எங்களுடையது 11.

“லாரிக்காரங்க எல்லாம் தேதி பார்த்தா மாத்தறாங்க?” என்றார் அப்பா. லாரி தினமும் ஓடுது, அது டயரை வயசாக விடறதே இல்லை என்றேன். அப்பா பதில் சொல்லலை. மடியலை என்று அர்த்தம்.

பதினெட்டு வயசுப் பையனும் பத்தொன்பது வயசு டயரும்

அன்னிக்கு ராத்திரி நான் அப்பாவுக்குச் சொன்ன ஒரு சம்பவத்தை உங்களுக்கும் சொல்லணும். நடந்தது இங்கிலாந்தில், 2012 செப்டம்பர் மாசம்.

ஐல் ஆஃப் வைட் என்ற தீவில் ஒரு இசைத் திருவிழா. நம்மளை மாதிரிப் பசங்க ஒரு பஸ் நிறையப் போய் ஆடிப் பாடிட்டு, ராத்திரி லிவர்பூல் பக்கம் ஊர் திரும்பிக்கிட்டு இருந்தாங்க. சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் என்ற இடத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸோட முன் டயர் வெடிச்சது. பஸ் சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. டிரைவரும் இளைஞர்கள் ரெண்டு பேரும் இறந்து போனாங்க. இன்னும் பலருக்குப் பலத்த காயம்.

அந்த டயருக்கு வயசு பத்தொன்பதரை. இறந்தவர்களில் ஒருத்தனுக்கு வயசு 18. அவன் பிறக்கிறதுக்கு முன்னாடியே பிறந்த டயர் அது. அவ்வளவு பழைய டயரை பஸ்ஸில் மாட்டக் கூடாது என்று அப்போ அங்கே சட்டமே கிடையாது. அந்தப் பையனோட அம்மா விடலை. வருஷக்கணக்கில் போராடினாங்க. 2021 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்தில் பஸ், லாரிகளோட முன் சக்கரத்திலும், மினி பஸ்ஸோட ஒத்தை டயர் சக்கரங்களிலும் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் ஓட்டத் தடை வந்தது.

நான் சொல்லி முடிச்சதும் அம்மாயி, “அந்தப் புள்ளையைப் பெத்தவ என்னாட்டம் துடிச்சாளோ!” என்றது. அப்பா எழுந்து போய் டார்ச்சை எடுத்துக்கிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார். ரொம்ப நேரம் கழிச்சு வந்து, “ரெண்டு மட்டும் மாத்தலாமா?” என்றார்.

ரெண்டுதான் முடியும் என்றால் புது டயர் ரெண்டையும் பின்னாடிதான் போடணும். ஈர ரோட்டில் பின்சக்கரம் பிடி விட்டால் வண்டி சுத்திடும், சமாளிக்கிறது கஷ்டம். ஆனால் எங்க வண்டியில் முன்னாடி இருக்கிறதும் அதே 2014. மலைப்பாதையில் முன் டயர் போனால் ஸ்டீயரிங் கையில் நிக்காது. முன்னாடி, பின்னாடி என்று பாகம் பிரிக்க வழியில்லை. நாலும் மாத்தணும். ஸ்டெப்னியும் சேர்த்து அஞ்சு.

ஏழரை கிலோ!

‘சரி, ஆம்னி டயர் அஞ்சு கொடுங்க’ன்னு கேட்டு வாங்கிட்டு வர வேண்டியதுதானே? அங்கேதான் பிரச்னை. ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்னாச்சு. “பன்னண்டு இஞ்ச் இப்ப யாருங்க கேக்கறாங்க!” என்று நாங்க போன முதல் கடையில் சொன்னாங்க. சொல்லிட்டு, “மாருதி 800 டயர் இருக்குதுங்க. அதே பன்னண்டு இஞ்ச்தான், அச்சா உக்காந்துக்கும், விலையும் கம்மி” என்றார் கடைக்காரர். உட்காரும் என்பது நிஜம்தான். தாங்குமா என்பதுதான் கேள்வி.

டயரில் எழுதியிருக்கிறதைப் படிக்கக் கத்துக்கிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துடும். எங்க ஆம்னியோட பழைய டயரில் இருந்தது: 145 ஆர் 12 எல்.டி. 6 பி.ஆர். இதில் 145 என்பது டயரோட அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது டிஸ்க்கோட விட்டம், அங்குலத்தில். எல்.டி. என்றால் இலகு ரக லோடு வண்டிக்கானது. 6 பி.ஆர். என்பது அதோட பலத்துக்கான தரம். உள்ளே ஆறு அடுக்கு இருக்குன்னு அர்த்தமில்லை. பழைய காலத்து ஆறு அடுக்கு டயருக்குச் சமமான பலம்.

800 டயரில் இருப்பது: 145/70 ஆர் 12, அதுக்குப் பக்கத்தில் 69. இந்த 69-தான் முக்கியம். அது லோடு இண்டெக்ஸ். கிலோ இல்லை, ஒரு அட்டவணையோட குறியீடு. 69 என்றால் ஒரு டயர் அதிகபட்சம் 325 கிலோ தாங்கும். 74 என்றால் 375 கிலோ. 80 என்றால் 450. 86 என்றால் 530.

எங்க வண்டியோட எடை என்ன? ஊகம் எதுக்கு, நாமக்கல்லில் எடை மேடைக்கா பஞ்சம்! ஒரு ஞாயித்துக்கிழமை மெத்தை, அடுப்பு, பாத்திரம், ரொம்பின தண்ணி கேன், அஞ்சு பேர், அம்மாயியோட வெத்தலைப் பெட்டி உட்பட எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போனோம். முதலில் முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏத்தினோம்: 585 கிலோ. அப்புறம் முழு வண்டி: 1,250 கிலோ. அப்போ பின் சக்கரங்கள் மேலே 665. ரெண்டு பக்கமும் சமம் என்று வெச்சுக்கிட்டாலே ஒரு பின் டயருக்கு 332.5 கிலோ.

800 டயர் தாங்குறது 325. சரியாக ஏழரை கிலோ அதிகம். ஏழரை என்றால் என்னன்னு தமிழ்நாட்டில் விளக்கம் வேற சொல்லணுமா?

இதுவும் சமதரைக் கணக்குத்தான். மலை ஏறும்போது எடை பின்னாடி சாயும். வளைவில் ஒரு பக்கம் சாயும். போதாததுக்கு 145/70 டயர் உயரத்திலும் குட்டை. 70 என்பது டயரோட பக்கச் சுவர் உயரம், அகலத்தில் 70 சதவிகிதம் என்பதைச் சொல்லுது. எங்க டயருக்கு அது ஏறக்குறைய 80. கணக்குப் போட்டால் மொத்த விட்டத்தில் 29 மில்லிமீட்டர் குறையும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 57-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும். வண்டியோட வயிறு தரைக்கு 14 மில்லிமீட்டருக்கு மேல் நெருங்கும். நம்ம ஊர் வேகத்தடைக்கு அது ஒண்ணு போதாதா?

இந்த லோடு சமாச்சாரத்தை வெளிநாட்டு கேம்பர்காரங்க ரொம்ப சீரியஸாக எடுத்துக்கிறாங்க. அங்கே பெரிய கேம்பர்களுக்கு என்றே சி.பி. என்று குறி போட்ட தனி டயர் இருக்கு. லோடு வேன் சரக்கை இறக்கினால் காலியாகிடும். கேம்பர் எப்பவுமே முழு லோடுதான். அதுவும் அதே லோடோட மாசக்கணக்கில் நிக்கும். அதைத் தாங்க பக்கச் சுவரை உறுதியாகப் பண்ணி, காத்தும் அதிகமாக வைக்கிற மாதிரி செய்யறாங்க. எங்க ஆம்னி அளவுக்கு சி.பி. எல்லாம் கிடையாது. தத்துவம் மட்டும் ஒண்ணுதான்.

அப்பாவோட இன்ஜினீயரிங்

மாருதி 800 டயர் அவுட். 74 போட்ட கார் டயர் 375 கிலோ தாங்கும். ஆனால் மிச்சம் 42 கிலோதான், மலைக்கு அது பத்தாது. மிச்சம் ரெண்டு. 6 பி.ஆர். (80, அதாவது 450 கிலோ) இல்லைன்னா 8 பி.ஆர். (86, அதாவது 530 கிலோ). ரெண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. என் நோட்டுக் கணக்கு அதோட நின்னு போச்சு. ரெண்டுமே பாஸ்!

அப்பாதான் முடிவு பண்ணினார். “எட்டு பி.ஆர். மூட்டை ஏத்துறவனுக்கு அம்மிணி. நாம வருஷத்துல பத்து நாள்தான் லோடோட போறோம். மத்த நாள் காலி வண்டி. காலி ஆம்னிக்கு முரட்டு டயர் போட்டா பின்னாடி பந்தாட்டம் துள்ளும். மழையில பிரேக் அடிச்சா வழுக்கும். பதினஞ்சு வருஷமா பின்னாடி காலியா திரும்பி வந்தவன் சொல்றேன்.”

எந்தப் பாடப் புத்தகத்திலும் இதை இவ்வளவு சுருக்கமாக நான் படிச்சதில்லை. டயரோட விறைப்பு, அது சுமக்கிற எடைக்குத் தக்க அளவாக இருக்கணும். 450-ல் 332.5 கழிச்சால் 117 கிலோவுக்கு மேல் மிச்சம். கால் பங்குக்கும் அதிகம். தாராளம். வண்டி பிறக்கும்போது கம்பெனியே மாட்டி அனுப்பின தரமும் அதுதான்.

ரெண்டாவது கடையில் 6 பி.ஆர். கிடைச்சது. முதலில் எடுத்துப் போட்ட டயரில் நாலு நம்பரைப் பார்த்தேன். மூணு வயசு ஆகியிருந்தது. அதிகம் ஓடாத அளவு டயரில்தான் இந்த ஆபத்து, கடையிலேயே வயசாகிடும். “வேற சரக்கு வரட்டுமுங்க, நாங்க காத்திருக்கிறோம்” என்றேன். கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். “பாப்பா என்ன படிக்குதுங்க?” என்றார். “மெக்கானிக்கல்” என்று அப்பா சொன்னபோது இருந்த குரலை நான் செமஸ்டர் ரிசல்ட் அன்னிக்குக்கூடக் கேட்டதில்லை! எட்டு நாள் கழிச்சு போன் வந்தது. நாலு மாசம்கூட ஆகாத டயர் அஞ்சு.

அஞ்சு டயர், அஞ்சு புது ட்யூப், அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்ந்து 17 ஆயிரத்துச் சொச்சம். பழைய ட்யூபையே போட்டால் என்ன என்றால், அது பழைய டயர் அளவுக்கு இழுபட்டுத் தளர்ந்திருக்கும். புது டயருக்குள் மடிஞ்சு, அந்த மடிப்பிலேயே கிழியும். சீட்டுப் பணத்தில் மிஞ்சினது கொல்லிமலைக்கு மட்டும்தான் போதும். அம்மா முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ராமேஸ்வரம் அவங்களோட பல வருஷத்து ஆசை. அம்மா ரசீதை மடிச்சு பீரோவில் வெச்சுட்டு, “ராமேஸ்வரம் அங்கியேதான் இருக்கும். நாம இருக்கணுமில்ல” என்றாங்க.

நீங்க பார்க்க வேண்டியது

வீட்டில் பழைய வண்டி வெச்சிருக்கிறவங்க, ஒண்ணு விடாம இதைப் பார்த்துடுங்க.

முதல்ல நாலு நம்பர். ஸ்டெப்னியை மறக்காதீங்க, அதுதான் பெரும்பாலும் குடும்பத்தில் மூத்தது.

அடுத்து, அளவும் லோடு இண்டெக்ஸும். வண்டியோட புத்தகத்திலோ கதவோரத்து ஸ்டிக்கரிலோ போட்டிருக்கிறதுக்குக் குறைவாக எப்பவும் போகாதீங்க. ரேடியலும் சாதா டயரும் கலந்து மாட்டாதீங்க.

அப்புறம் காத்து. லோடு இண்டெக்ஸ் சொல்ற எடையைத் தாங்க டயருக்கு அதற்கேத்த காத்து வேணும். காத்து குறைஞ்சால் பக்கச் சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகும். டயர் வெடிக்கிறதுக்கு அந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம். லோடுக்கும் காலி வண்டிக்கும் தனித்தனி அளவு இருக்கும், பாருங்க. ஓடி வந்து சூடாக இருக்கும்போது அளக்காம, காலையில் கிளம்பும் முன்னாடி அளந்துக்கோங்க.

வண்டி நிக்கிறதா இருந்தால் வெயில் படாத இடத்தில் நிறுத்தி, பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவையாவது பத்துக் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க.

கடைசியா, அப்பா சொல்லிக் கொடுத்தது. டயர் மாத்தி அம்பது கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டை இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்க.

வண்டி இல்லாதவங்களுக்கும் வேலை இருக்கு. அடுத்த தடவை ஐ.வி., டூர் என்று வேன் பிடிச்சுப் போகும்போது, பாட்டு சிஸ்டம் நல்லா இருக்கா, லைட் எரியுதான்னு பார்க்கிற நேரத்தில் ஒரு நிமிஷம் குனிஞ்சு டயரைப் பாருங்க. நம்பர் உங்க வயசுக்குப் பக்கத்தில் வந்தால் வேற வேன் கேளுங்க. கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்.

பழசை என்ன பண்றது?

டயர் மாத்தின அன்னிக்கு சாயங்காலம். கழட்டின அஞ்சு டயரும் கடை வாசலில் கிடந்தன. செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குற ஒருத்தர் வந்தார். ஒவ்வொண்ணா உருட்டிப் பார்த்தார். ஸ்டெப்னியைப் பார்த்ததும் கண்ணே விரிஞ்சது. “அண்ணா, அஞ்சுக்கும் சேத்து மூவாயிரம் தர்றேனுங்க” என்றார். மூவாயிரம்! ராமேஸ்வரத்துக்குப் பாதி டீசல் காசு என்று சொல்ல வந்தேன், எங்க வண்டி பெட்ரோல். எப்படியோ, வேண்டாம்னு சொல்ல முடியாத பணம்தான்.

அப்பா, “வாங்கி என்னங்க பண்ணுவீங்க?” என்றார்.

“ஆம்னிக்குத்தானுங்க. பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்களை ஏத்தறவர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கிறாரு. பட்டன் அருமையா இருக்குதுங்களே!”

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கடைப் பையனைக் கூப்பிட்டு ஒரு கத்தி கேட்டார். என்னமோ தழும்பைத் தடவற மாதிரி முதல் டயரோட பக்கச் சுவரைத் தடவிப் பார்த்துட்டு, ஒரு பக்கமிருந்து மறு பக்கம் வரைக்கும் நீளமாகக் கிழிச்சார். அப்புறம் அடுத்தது. அஞ்சையும். அந்த ஆள், “ஏனுங்கண்ணா, நல்ல டயரைப் போயி...” என்று தலையில் கை வெச்சுக்கிட்டார்.

“பட்டன்தானுங்க இருக்குது” என்றார் அப்பா. “ஆயுசு முடிஞ்சு போச்சுங்க.”